நாளமும் சிரையும் ஒன்றுதான்: வினாவிடைப் போட்டியை நடத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பணிப்பாளர் அவர்களுக்கும், வினாக்களைத் தொகுத்த குழுவினருக்கும், மேடையில் அவற்றைத் தொடுத்த தொகுப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தொலைக்காட்சியில் அண்மையில் ஒளிபரப்பான பாடசாலைகளுக்கிடையிலான வினாவிடைப் போட்டியின் இறுதிச் சுற்றில், 145 இற்கு 140 என்ற புள்ளிக் கணக்கில் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்ட கொழும்பு அணியின் பொறுப்பாசிரியன் நான். வென்றவர்கள் முறையீடு செய்யும் வழக்கம் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் அன்று வென்றவர்கள் எங்கள் மாணவர்கள் அல்லர், மலையகத்திலிருந்து வந்த அணியினரே என்பதை உங்களுக்கும், அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டியவனாக இருக்கிறேன். இம்மடலைப் பாடசாலையின் சார்பில் எழுதவில்லை. அதிபர் அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர் முழு மனதோடு சம்மதிக்காத நிலையிலும், என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன். இதில் பிள்ளைகள் சம்பந்தப்பட்டிருப்பதால் எவருடைய பெயரையும் எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இது எந்தப் போட்டி என்பது உரியவர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை நினைவுபடுத்துகிறேன். ஐந்து சுற்றுகள். நேரடி வினாவுக்குப் பத்துப் புள்ளி, மற்ற அணி தவறவிட்டுக் கடந்து வரும் வினாவுக்கு ஐந்து, மணி அழுத்தும் சுற்றில் வினா முடியுமுன் அழுத்திப் பிழையாகச் சொன்னால் ஐந்து குறையும். முதற் சுற்றில் நாங்கள் முன்னால் நின்றோம். வரலாற்றிலும் புவியியலிலும் அவர்கள் எங்களைப் பிடித்துவிட்டார்கள். மணிச் சுற்றில் எங்கள் அணித் தலைவன் அவசரப்பட்டு ஐந்து புள்ளிகளை இழந்தான். அறுபது விநாடி விரைவுச் சுற்றில், அந்தப் பக்கம் நடுவில் அமர்ந்திருந்த மாணவி, வினா வாசித்து முடியுமுன்பே விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனதை, எதிரணியின் ஆசிரியன் என்பதையும் மறந்து நான் இரசித்தேன். இருபது வருடங்களாக இப்படியான போட்டிகளுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எந்தக் கட்டத்திலும் இரு அணிகளுக்கும் இடையே இருபது புள்ளி இடைவெளி விழாத ஓர் இறுதிப் போட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசி வினா எஞ்சியிருந்தபோது நாங்கள் 145, அவர்கள் 140. அந்த வினா நேரடியாக அவர்களுக்கு உரியது. சரியாகச் சொன்னால் 150, கிண்ணம் அவர்களுக்கு.

வினா இவ்வாறு வாசிக்கப்பட்டது: "நுரையீரலில் இருந்து ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டு வரும் இரத்தக் குழாய் எது?"

அம்மாணவி சற்றும் தயங்காமல் "நுரையீரல் நாளம்" என்றார். தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "நாளம் என்பது பொதுவான சொல், இரத்தம் ஓடுகின்ற எல்லாமே நாளம்தான், எந்த நாளம் என்று சொல்லுங்கள்" என்றார். அவர் மறுபடியும் அதே விடையை, இம்முறை ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார். விடை பிழை என அறிவிக்கப்பட்டு வினா எங்களுக்குக் கடந்து வந்தது. சரியான விடையே பிழையென்று தள்ளப்பட்ட பின்னர் எங்கள் பிள்ளைகளிடம் எஞ்சியிருந்தது ஊகம் மட்டும்தான். "பெருநாடி" என்றார்கள், அது உண்மையிலேயே பிழை. பிறகு அட்டையிலிருந்த விடையைத் தொகுப்பாளர் வாசித்தார்: நுரையீரல் சிரை. வண்ணக் காகிதத் துண்டுகள் எங்கள் தலைகளின் மேல் கொட்டின.

நாளமும் சிரையும் ஒன்றுதான். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாயை இலங்கைப் பாடநூல்கள் நாடி என்கின்றன, இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவரும் குழாயை நாளம் என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதே இரண்டையும் முறையே தமனி, சிரை என்கின்றன. சிக்கல் இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தமிழ்நாட்டு வழக்கில் இரத்த நாளம் என்பது குருதி ஓடும் எல்லாக் குழாய்களுக்கும் பொதுப்பெயர்; அதற்கு நாங்கள் குருதிக்கலன் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆகவே தொகுப்பாளர் கூறிய காரணம் சென்னையில் இருந்து பார்த்தால் பொருத்தமானது, கொழும்பில் இருந்து பார்த்தால் பொருந்தாதது. ஆக்சிஜன் என்ற சொல்லும் அந்த வினா எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கே எந்த வகுப்பறையிலும் அது ஒட்சிசன்தான். தொகுப்பாளர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் உயிரியல் ஆசிரியர் அல்லர், அட்டையில் எழுதியிருந்ததைக் காத்து நின்றார். ஆனால் நாடிக்கும் நாளத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்று, நாளங்களுள் நுரையீரல் நாளம் மட்டும் ஒட்சிசன் நிறைந்த குருதியைச் சுமக்கும் விதிவிலக்கு என்பதையும் நினைவில் வைத்திருந்த ஒரு பிள்ளைக்கு, அந்த வேறுபாடே தெரியாது என்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் சொல்லப்பட்டுவிட்டது.

இது ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே செல், இங்கே கலம். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். இவையெல்லாம் வேறு வேறு சொற்கள் என்பதால் கவனமுள்ள நடுவர் ஒருவர் நின்று யோசிக்கக்கூடும். ஒரே சொல் இரு கரைகளிலும் இரு பொருள் தரும் இடங்களே பொல்லாதவை. ஓரலகு நேரத்தில் செல்லும் தூரத்தை நாங்கள் கதி என்று கற்பிக்கிறோம், திசையும் சேர்ந்தால் அது வேகம். தமிழ்நாட்டில் முன்னையது வேகம், பின்னையது திசைவேகம். அங்கே அச்சிட்ட பொது அறிவு நூலிலிருந்து ஒரு பௌதிகவியல் வினாவை அப்படியே எடுத்து இங்குள்ள மாணவனிடம் கேட்டால், நன்றாகப் படித்தவன் பிழை வாங்குவான், அரைகுறையாகப் படித்தவன் புள்ளி வாங்குவான். தமனியும் சிரையும் குறைந்த சொற்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அவற்றைப் படிப்பவர்களுக்கு அவையே சரியானவை. ஆனால் எங்களிடமும் ஒரு மரபு இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் தந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்திலிருந்து அது வளர்ந்து வருகிறது. கடந்த நூற்றாண்டில் சுயமொழிக் கல்விக்காக அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அந்தச் சொற்களிலேதான் எங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். கொழும்புப் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரே விஞ்ஞானப் பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திடமிருந்து இலவசமாகப் பெறுகிறார்கள். 1980 இலிருந்து நடைபெற்றுவரும் அந்த ஏற்பாட்டினால், இரு அணிகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் உங்கள் கலையகத்திற்கு வருமுன்பே அவர்களது புத்தகப் பைகளில் இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சங்கடமானது.

அதே இறுதிப் போட்டியின் இரண்டாவது சுற்றில் எங்கள் அணியிடம், சூரியக் குடும்பத்தில் மிக அதிகமான சந்திரன்களைக் கொண்ட கோள் எது என்று கேட்கப்பட்டது. எங்கள் மாணவன் "சனி" என்றான். அட்டையில் வியாழன் என்று இருந்தது. விடை பிழை என்றார்கள். நான் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து கையை உயர்த்தினேன். ஒளிப்பதிவு நிறுத்தப்பட்டது. உங்கள் உதவித் தயாரிப்பாளர் ஒருவர் என்னிடம் வந்தார், நான் விளக்கினேன், அவர் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தார், நான்கைந்து நிமிடங்களுக்குள் பத்துப் புள்ளிகளும் எங்களுக்குக் கிடைத்தன. ஒளிபரப்பில் இந்தப் பகுதி இல்லை. எங்கள் மாணவன் சொன்னதும் சரியென்று ஏற்கப்பட்டதாகவே காட்டப்படுகிறது. அந்த வினாவை எழுதியவரையும் நான் குறைசொல்ல மாட்டேன், ஏனெனில் இந்தக் கணக்கு அடிக்கடி மாறுவது. 2019 ஒக்டோபரில் சனி 82 சந்திரன்களோடு வியாழனின் 79 ஐ முந்தியது. 2023 பெப்ரவரியில் வியாழன் 92 ஆகி, அப்போது 83 ஆக இருந்த சனியை முந்தியது. சில மாதங்களுக்குள் சனி 146 ஐத் தொட்டது. 2025 மார்ச்சில் மேலும் 128 சேர்ந்து 274 ஆகிவிட்டது. அட்டை எழுதப்பட்ட நாளில் வியாழன் என்பது சரியான விடையாகவே இருந்திருக்கலாம். திருத்தியது நியாயம்.

ஆனால் நான் எப்படிக் கையை உயர்த்தினேன்? உங்கள் விண்ணப்பப் படிவத்தில் நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்ற ஒரு வரி மட்டும்தான் உண்டு. ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றோ, யாரிடம், எப்போது தெரிவிப்பது என்றோ எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம், நான் இதே கலையகத்திற்குப் பலமுறை வந்தவன், அங்கு வேலை செய்யும் ஓரிருவர் என்னிடம் படித்தவர்கள், ஒளிப்பதிவை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்பது அனுபவத்தில் கண்டது. அதிகாலையில் புறப்பட்டு, முதன்முறையாக இப்படியொரு கலையகத்திற்குள் நுழைந்த அந்த அணியின் ஆசிரியைக்கு இதை யார் சொன்னார்கள்? கடைசி வினாவின்போது அவர் இருக்கையிலிருந்து எழுந்ததைக் கண்டேன். இரண்டொரு விநாடி நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

நானும் அப்போது உட்கார்ந்திருந்தேன். நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். சிரை என்று வாசிக்கப்பட்ட கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாவது சுற்றில் எழுந்த கால்கள் ஐந்தாவது சுற்றில் எழவில்லை. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள், பெற்றோர் கைதட்டினார்கள், படப்பிடிப்புக் கருவி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது என்றெல்லாம் பின்னர் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எதுவும் போதுமான விளக்கமாக இல்லை. காலி வீதி நெரிசலில் வான் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தபோது, பின் இருக்கையிலிருந்த எங்கள் உயிரியல் மாணவன்தான், "சேர், சிரை எண்டால் நாளம்தானே?" என்று கேட்டான். ஓம் என்றேன். பம்பலப்பிட்டி வரைக்கும் ஒருவரும் பேசவில்லை. பிறகு அணித் தலைவன், "நாங்கள் களவெடுக்கேல்லையே, சேர்" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான், பிள்ளைகள் களவு செய்யவில்லை. ஆனால் இரண்டாவது சுற்றுத் திருத்தம் செய்யப்படாமல் இருந்திருந்தால் கடைசி வினாவுக்கு முன்பே நாங்கள் 135, அவர்கள் குறைந்தது 140. திருத்தம் இரு பக்கமும் செய்யப்பட்டிருந்தால் 150 இற்கு 145 என அவர்கள் வென்றிருப்பார்கள். எங்களுக்குக் கிண்ணம் கிடைக்கும் ஒரேயொரு வழி, திருத்தம் ஒரு பக்கம் மட்டும் செய்யப்படுவது. அதுவே நடந்தது.

அடுத்த திங்கட்கிழமையே உங்கள் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் அழைத்தேன், பாடநூலின் உரிய பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினேன். பார்ப்பதாகச் சொன்னார்கள். பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் இடையே பதினெட்டு நாட்கள் இருந்தன. நிகழ்ச்சி எந்த மாற்றமும் இல்லாமல், ஒரு சிறு அறிவித்தல்கூட இல்லாமல் ஒளிபரப்பானது. அதன்பின் அழைத்தபோது, ஒளிபரப்பாகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் கிடைத்தது. ஒளிபரப்புக்கு முன்னர் செய்ய மனமில்லாததை ஒளிபரப்பு முடிந்ததைக் காட்டி மறுப்பது எனக்கு விளங்கவில்லை.

ஒளிபரப்பான பின் மாற்ற முடியாது என்பதும் சரியன்று. பிரித்தானியாவில் 1962 இல் தொடங்கிய, பல்கலைக்கழக அணிகள் மோதும் புகழ்பெற்ற வினாவிடை நிகழ்ச்சியான யூனிவர்சிட்டி சலன்ஜ் இல், 2009 ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் ஒக்ஸ்போர்ட்டின் கோர்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தை 275 இற்கு 190 என்று வென்றது. அணியினர் ஒருவர் தொடர் முடியுமுன்பே மாணவராக இருப்பது நின்றுவிட்டது என்பது ஒளிபரப்புக்குப் பின் தெரியவந்தபோது, பட்டம் மன்செஸ்டருக்கு மாற்றப்பட்டது. அங்கே புள்ளி இடைவெளி 85, விவகாரம் எந்த விடையைப் பற்றியதும் அன்று, ஆயினும் விதி எழுத்தில் இருந்தபடியால் மாற்றினார்கள். இங்கே இடைவெளி ஐந்து, தவறு விடைக்கு அளித்த தீர்ப்பிலேயே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கிரிக்கெட்டில் நடுவரின் தீர்ப்பை வீரர்கள் மீளாய்வுக்கு அனுப்பும் முறை டெஸ்ட் போட்டியொன்றில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது 2008 ஜூலையில், இலங்கையும் இந்தியாவும் ஆடியபோது, இதே கொழும்பில், எஸ்.எஸ்.சி. மைதானத்தில். அதுவரை நடுவரின் விரலே வேதவாக்கு. கேள்வி கேட்டால் ஆட்டத்தின் கண்ணியம் கெடும் என்று அன்று சொன்னவர்கள் பலர். இன்று தெருவில் ஆடும் பையன்கள்கூடக் கையால் அந்த அடையாளத்தைக் காட்டி மீளாய்வு கேட்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த அம்சம், அந்த உரிமை இரு அணிகளுக்கும் சமமான எண்ணிக்கையில், ஆட்டம் தொடங்குமுன்பே அறிவித்துக் கொடுக்கப்படுகிறது என்பதுதான். நடுவரைப் பழக்கமா இல்லையா என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆகவே நான் கேட்பது இது. அந்தக் கடைசி விடை சரியானது என்பதை ஏற்று, புள்ளிக் கணக்கை 150 இற்கு 145 எனத் திருத்தி, வெற்றியாளர்களாக மலையக அணியின் பெயரை அதே நிகழ்ச்சி நேரத்தில் அறிவிக்க வேண்டும். இணை வெற்றியாளர்கள் என்று அறிவித்து இரு பக்கத்தையும் சமாதானப்படுத்தலாம் என்ற யோசனை எங்கள் பாடசாலையிலேயே சிலரிடம் இருக்கிறது, உங்களிடமும் வரக்கூடும். அதை நான் ஆதரிக்கவில்லை. அவர்கள் எங்களோடு சமமாக நிற்கவில்லை, எங்களைவிட ஐந்து புள்ளி கூடுதலாக எடுத்தார்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் என்று இரக்கப்படவும் வேண்டாம். அந்த விரைவுச் சுற்றைப் பார்த்த எவரும் அவர்கள்மீது இரக்கப்பட மாட்டார்கள்.

அடுத்த தொடருக்கான விண்ணப்பங்களைக் கோருமுன், ஆட்சேப விதியொன்றை எழுதி எல்லாப் பாடசாலைகளுக்கும் படிவத்தோடு அனுப்புங்கள். அணிக்கு ஒரு போட்டியில் ஓர் ஆட்சேபம் போதும். அது பிழையென்றால் ஐந்து புள்ளி குறையட்டும், வீணாக எழுபவர்கள் குறைவார்கள். ஆட்சேபத்தை அணித் தலைவரே மேடையிலிருந்து தெரிவிக்கட்டும், பார்வையாளர் வரிசையிலிருந்து என்னைப் போன்றவர்கள் கையுயர்த்தும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். விஞ்ஞான, கணித வினாக்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டாலும், தமிழ் மூலப் பாடசாலையில் இன்று கற்பிக்கும் ஓர் ஆசிரியர் அவற்றை வாசித்து, இலங்கைப் பாடநூற் சொல்லை அட்டையில் முதலாவதாகவும் மற்ற வழக்கைப் பக்கத்திலும் எழுதித் தரட்டும்; ஒரு மாலை நேர வேலை அது, அதற்குப் பணம் கேட்காமல் வருவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் கொழும்பிலேயே பலர் இருக்கிறார்கள். சந்திரன்களின் எண்ணிக்கை போன்று மாறுகிற தகவல்களில், எந்தத் திகதி வரைக்குமானது என்பதையும் வினாவிலேயே சேர்த்துவிடுங்கள். பதிவின்போது பாடநூல்கள் நடுவர் மேசையில் இருக்கட்டும். தரம் 6 முதல் 11 வரையான விஞ்ஞான நூல்களை அடுக்கினாலும் ஒரு சாணுக்கு மேல் உயராது.

நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பு இம்மாத இறுதி ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னர் திருத்தம் செய்யப்படுமாயின் நன்று. கிண்ணம் இப்போது எங்கள் விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரியில், வந்த பெட்டியிலேயே இருக்கிறது. பாடசாலையின் பெயரை அதில் பொறிப்பதற்குக் கடைக்காரர் அளவெடுத்துச் சென்றிருந்தார். பொறிக்க வேண்டாம் என்று மாணவர்கள் நால்வரும், வானில் என்னோடு முரண்பட்ட அணித் தலைவன் உட்பட, அதிபருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிண்ணத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை நீங்கள் அறிவிக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.